எங்கம்மா என்னைச் சார்ந்தவள் அல்ல

ஆபீசில் மானம் போனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். என் மானத்தை வாங்கியவள் எங்கம்மா. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எங்களுக்கு எல்.டி.சி. என்றொரு சலுகை உண்டு. குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்தால் ரயில் கட்டணத்தை அரசாங்கம் கொடுத்துவிடும். அம்மாவுக்குப் பனிமலையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. (ஃப்ரீசரைத் திறந்து காட்டினால் போதாதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.) இந்த முறை சிம்லாதான் என்று பிளாக் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

விதியில் ஒரு வில்லங்கம் இருந்தது. பெற்றோரையும் கூட்டிப்போக வேண்டுமானால் அவர்கள் முழுக்க முழுக்க ஊழியரைச் சார்ந்தவர்களாக இருக்க வேண்டும். என் குவார்ட்டர்ஸில்தானே இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அம்மா பண்ருட்டியில் முந்திரிப்பருப்பை மொத்தமாக வாங்கி, பாக்கெட் போட்டு, வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தாள். அதை நான் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (பிள்ளைகளின் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.)

புதிதாக வந்த கணக்கு அதிகாரி கறார் பேர்வழி. அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அழைத்துப் போனேன்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுங்க சார்?" என்று கேட்டாள் அம்மா.

"நீங்க முழுசா உங்க பையனை நம்பித்தான் இருக்கீங்கன்னும்மா."

அவ்வளவுதான்.

"யாரு, இவனை நம்பியா? இவங்கப்பா போய்ச் சேர்ந்தப்ப இவன் மூணாங்கிளாஸுங்க. கடலைக் கொல்லையில மல்லாட்டை ஆய்ஞ்சிகினு, முந்திரி உடைச்சிகினு இவனைப் படிக்க வெச்சது நானு. இன்னிக்கும் இவன் வண்டிக்கு டியூ கட்றது யாருன்னு கேளுங்க!"

மேஜைக்கு அடியில் அவள் காலை லேசாக மிதித்தேன்.

"இன்னாடா மிதிக்கிற? பொய்யா சொல்றேன்?"

மொத்த அலுவலகமும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. அதிகாரி பேனாவை மூடினார். "தப்பா எழுதிக் கொடுத்தா மெமோ வரும், தெரியுமில்ல?" என்றார் என்னிடம். கெஞ்சிக் கூத்தாடி, அம்மா பெயரை என் கையாலேயே அடித்துக் கொடுத்துவிட்டுத் தப்பித்தேன்.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஒரு கையெழுத்து போட்டிருந்தா ஐஸ் மலைக்குப் போயிருப்பியேம்மா! எல்லாம் போச்சு!"

"போனா போவுது. உன்னை அண்டிகினு கெடக்குறேன்னு எழுதிக் குடுத்துட்டு நான் எங்கயும் வரமாட்டேன்டா."

கொஞ்ச நாள் அவளிடம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் எனக்கே ரோஷம் வந்துவிட்டது. பெற்றவளை ஊருக்குக் கூட்டிப்போக, அவள் கையாலாகாதவள் என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமா? அந்த விதியை எழுதியவர் எங்கம்மாவைப் பார்த்ததில்லை. மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் அனுமதி தருகிறோம் என்றார்கள். உங்கள் சலுகையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நிமிர்த்திய நெஞ்சு இறங்குவதற்குள், டிக்கெட்டுக்கு எங்கே போவது என்று மனைவி கேட்டாள்.

அம்மா கொடுத்தாள். எல்லோருக்கும், ஏ.சி.யில். சிம்லாவில் ஒரு கைப்பிடி பனியை அள்ளி, தொட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தை என் சட்டைக்குள் போட்டாள்.

இன்றைக்கும் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், என் மகள் அடுப்படியைப் பார்த்துக் கூவுவாள்:

"ஆயா, உன்னை நம்பிகினு இருக்கிறவரு கத்துறாரு, இன்னான்னு கேளு!"