பதினொரு அறையும் ஒரு பேயும்

'பயப்படாவிட்டால் இலவசம்' என்று கொட்டகை வாசலில் காகித மட்டையில் எழுதி ஒட்டியது அமல்ராஜின் சொந்த மூளை. தோட்டத்துக் கோயில் திருவிழாப் பூசை முடிந்து முதல் ஆளாக வந்த லோரன்ஸ், கண்முன் பேய்க்காட்டை விரிக்கும் வீ.ஆர். கண்ணாடியைக் கழற்றி நீட்டியபோதே அந்த மூளைமேல் அமல்ராஜுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எப்புடிண்ணே, பயந்துட்டீங்களா?"

"காடுதானே தம்பி. விடியுமுன்ன தலையில லைட்டக் கட்டிக்கிட்டு ரப்பர் பால் வெட்டப் போறேனே, அதேதான். லீவு நாள்லயும் என்னைய வேலைக்கு அனுப்புறியே?"

"பின்னாலேயே ஒரு உருவம் வந்திருக்குமே?"

"வந்திச்சு. கங்காணின்னு நெனச்சேன்."

லோரன்ஸ் இலவசமாக மறுபடி பார்க்க வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அமல்ராஜின் மனைவி ஜொய்சி காலி கல்லாப்பெட்டியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "சாயந்தரமும் இது இப்புடியே கெடந்திச்சுன்னா, திங்கக்கெழம ஃபெக்டரி நைட் ஷிஃப்டுக்குத் திரும்பிப் போறீங்க. சரியா?"

தேயிலைத் தூள் நெடியும் ரோலர் இரைச்சலுமாகக் கழித்த இரவுகளை அவன் மறக்கவில்லை. கண்ணாடிக்குள் வரும் பேயைவிட அது பெரிய பேய். முதல் நாள் இந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தபோது அலறிச் சோற்றுப் பானையைக் கவிழ்த்தவன் அவன். ஊரும் அலறும் என்று நம்பிவிட்டான்.

காட்டை மாற்றி, பேய் வீட்டைப் போட்டான். அடுத்து கொழுந்து பறிக்கும் தெரேசம்மா. அவள் காண்பதெல்லாம் பக்கத்து டீவியிலும் தெரிந்தது. இருண்ட வீட்டின் கதவு கிறீச்சென்று திறந்தது. தெரேசம்மா குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"ஏன்க்கா?"

"வீட்டுக்குள்ள செருப்போடயா போறது?"

தலைவிரி கோலமாக ஒரு பெண் சுவரிலிருந்து இறங்கினாள்.

"கொஞ்சம் தள்ளும்மா, அந்த ரூமப் பாத்துட்டுப் போயிர்றேன்."

அமல்ராஜ் சத்தத்தைக் கூட்டினான். பேயின் ஓலத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. போதாதென்று அவள் பிடரிக்கு நேராக மின்விசிறியைத் திருப்பி வைத்தான்.

"அடியே, காத்தும் வருதுடி!" என்று தெரேசம்மா வெளியே கத்தினாள். "பதினோரு ரூமு! சமைக்கிற குசினிக்குத் தனிக் கதவு!"

வரிசை மைதானம்வரை நீண்டது. லயத்து வரிசை வீடுகளில் ஒற்றைக் காம்பராவில் ஏழெட்டுப் பேராகப் படுக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், அறை அறையாக நடந்தார்கள். ஒருத்தி கட்டில் போட இடம் பார்த்தாள். ஒருவரும் பயப்படவில்லை. ஆகவே எல்லோருக்கும் இலவசம். கல்லா அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு மட்டும் குவிந்தது.

கழற்றிய பிறகு நிம்மதியாகத் திரும்பி வர ஓர் இடம் உள்ளவனைத்தான் இந்தக் கண்ணாடி பயமுறுத்தும் என்று அமல்ராஜுக்கு மெல்ல உறைத்தது. இவர்களுக்குக் கண்ணாடியைக் கழற்றும்போதுதான் முகம் வாடியது.

"பேயால ஒரு பிரயோசனமும் இல்ல. வீடுதான் ஓடுது," என்றாள் ஜொய்சி. "அந்த மட்டையக் கிழிங்க. வீட்டுக்குக் காசு வாங்குங்க."

அவன் மட்டையைக் கிழித்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினான்.

"எல்லாரும் கேளுங்க! இனிமே இலவசம் கெடையாது. ஆனா பேய நிப்பாட்டிடுறேன். வீட்ட மட்டும் நிம்மதியாச் சுத்திப் பாருங்க!"

சுருக்குப் பைக்குள் போன கைகள் அப்படியே நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவன் எதிர்பார்த்த பயம், இப்போதுதான் எல்லோர் முகத்திலும் வந்தது.

வரிசையின் கடைசியிலிருந்து லோரன்ஸ் சொன்னார்:

"காசு தர்றோம் தம்பி, பேய மட்டும் எடுத்துறாத. பேயில்லாத வீட்ட நமக்கு யாரு குடுப்பா?"