என் ஒழுக்கத்துக்கு ஒரு ரத்தச் சான்று

மதிப்புக்குரிய பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம் என்று எழுத ஆசைதான்; இல்லை. அங்கே நீங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கையும் சுகமா? தையல் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இதைப் படிக்கவும்.

நான் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்வருவதாக அவள் சொல்லியிருப்பாள். நியாயமாப் பார்த்தா சந்தேகப்பட இடம் இருக்கு. ஆறு மாசமா நான் அவ பக்கம் திரும்பிப் படுக்கிறதில்லை. வேலை முடிஞ்சு ஏலக்காய் மென்னுக்கிட்டு, சென்ட் அடிச்சுக்கிட்டு வர்றேன். அந்த சென்ட் பொம்பளைங்க போடுறதாம், பாட்டில்ல பூப் படத்தைப் பார்த்தும் என் மரமண்டைக்கு ஏறலை மச்சான்! லிஃப்ட் ரிப்பேருக்குப் போற இடத்துல, மொட்டைமாடி மெஷின் ரூம்ல ஒளிஞ்சு சிகரெட் பிடிச்ச நாத்தத்தை மறைக்கத்தான் அந்த வேஷமெல்லாம். உங்க அப்பா இருமி இருமிப் போனதைப் பக்கத்துல இருந்து பார்த்தவகிட்ட, கல்யாணத்துக்கு முன்னாடியே விட்டுட்டேன்னு சொல்லியிருந்தேனே, வேற என்ன செய்ய?

அந்த ஆறு மாசக் கோளாறுக்குக் கடைசியில டாக்டர்கிட்ட போனேன். இருபது வருஷப் புகை உள்ள போய் என்னென்ன பண்ணியிருக்கோ, ரத்தத்தைப் பார்ப்போம்னார். ஆம்பளை ஹார்மோன் அடிமட்டத்துல இருக்காம். வெளிய காத்திருந்தவங்க காதுலயும் விழுற மாதிரி சொன்னார் அந்த மகராசன். மானம் போச்சு. ஆனா படி இறங்கும்போதுதான் உறைச்சுது, இதைவிட நல்ல சாட்சி எனக்கு யார் வருவா? ஒரு வீட்டுக்கே வக்கில்லாதவனுக்கு இன்னொரு வீடு எதுக்கு? ரிப்போர்ட்டை இத்தோட வச்சிருக்கேன். அவகிட்ட காட்டி, கையோட அனுப்பி வைங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஃபேன் சத்தம்தான் கேட்குது. தனியா உக்காந்து சாப்பிட முடியலை மச்சான், அழுகை வருது. சிகரெட்டை அன்னைக்கே விட்டுட்டேன், சத்தியம்.

குழந்தைகளுக்கு என் ஆசியும் பெரியவர்களுக்கு என் வணக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: ரிப்போர்ட்டைக் காட்டிடாதீங்க! ராத்திரி முழுக்க ஒரு லிஃப்ட்டோட மல்லுக்கட்டிட்டு, தூங்காமப் போய்க் கொடுத்த ரத்தமாம் அது, கணக்குல சேராதாம். நல்லாத் தூங்கி எழுந்து காலையில மறுபடி கொடுத்தேன். ஹார்மோன் ஜம்முன்னு இருக்காம். சிகரெட் பிடிக்கிறவங்க நிறையப் பேருக்கு அது குறையுறதே இல்லையாம். புகை கெடுத்தது என் ரத்தக்குழாயைத்தானாம், அதான் அந்தக் கோளாறாம். "இன்னும் பிடிக்கிறீங்களா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். என் சட்டைப் பையில துருத்திக்கிட்டிருந்த பாக்கெட்டைப் பார்த்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இப்ப எனக்குச் சாட்சியும் இல்லை. வேற பொம்பளைன்னே அவ நெனச்சுக்கட்டும் மச்சான், அதையாவது ஒருநாள் மன்னிச்சிடுவா. சிகரெட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.