கையை வைத்துப் பார்த்து வாங்கிய ஜெனரேட்டர்

மரியாதைக்கும் அதைவிட அதிகமான என் கோபத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெனரேட்டரும் சுகம். உங்கள் மாமியார் சுகமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளவும், எனக்குத் தகவல் இல்லை. இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்பீர்கள். போனில் நீங்கள் ஒவ்வொரு வார்த்தையையும் மென்று விழுங்குகிறீர்கள், எனக்கு வெறும் காற்றுதான் வந்து சேருகிறது. அதனால்தான் கடிதம். இன்று மாலை எங்களைப் பார்க்க வரும் உங்கள் மனைவியிடம், அதாவது என் மகளிடம், கொடுத்தனுப்புகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்த இந்தப் பழைய வண்டியை வாங்கினேன். ஊர் ஊராகப் போய் மரத்தடியில் நிறுத்தி நானும் உங்கள் மாமியாரும் தங்கலாம் என்று ஆசை. விளக்குக்கும் விசிறிக்கும் குட்டி பிரிட்ஜுக்கும் கரண்டுக்கு என்ன வழி? படித்தவராயிற்றே என்று உங்களைக் கேட்டேன். அது என் தலையெழுத்து. "பேட்டரிப் பெட்டி வாங்குங்க மாமா, கூரையில சோலார் தகடு போடுங்க, சத்தமே இருக்காது" என்றீர்கள். ஜெனரேட்டர்தான் வேண்டுமென்றாலும் சத்தத்தை அளந்து பார்த்து வாங்குங்கள் என்று ஏதோ எண்களை வேறு எழுதி அனுப்பினீர்கள். யாரிடம் சொல்கிறீர்கள்? முப்பது வருஷம் நெசவாலையில் தறி மேஸ்திரியாக இருந்தவனிடம்! தறி ஒழுங்காக ஓடுகிறதா என்று காதை நீட்டிக் கேட்பவன் கற்றுக்குட்டி. உள்ளங்கையை வைத்துப் பார்ப்பவன்தான் மேஸ்திரி. கடையில் உங்கள் பேட்டரிப் பெட்டியிலும் கையை வைத்துப் பார்த்தேன். பிணம் மாதிரி கிடக்கிறது. ஓடுதா நிக்குதான்னே தெரியாத ஒரு சாமானை நம்பி எப்படி மாப்பிள்ளை காட்டுக்குள்ள போறது? பிறகு ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கையை வைத்தேன். தூங்குகிற பூனையைத் தொட்டது மாதிரி இருந்தது. "சத்தமில்லாத மெஷின்னா இதுதான்யா" என்றேன். கடைக்காரர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். எனக்கு விற்க அவருக்கு மனசில்லை, வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு விடாப்பிடியாக வாங்கினேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் கடையில் ஏசி அப்படி.

இதில் உங்கள் மனைவி வேறு போன மாதம் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஆலையில் நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு எல்லாம் கணீரென்று கேட்கும். இந்தக் காலத்தில்தான் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது நாகரிகமாகிவிட்டது. அந்த டாக்டர் என்னை ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, சத்தம் வந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றார். நானும் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சத்தமும் வரவில்லை. மெஷின் ரிப்பேர். அதைச் சரிபார்க்கத் துப்பில்லாமல் என் காதில் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சரி, இப்போது வண்டியை நிறுத்தியிருக்கும் இந்த முகாமுக்கு வருவோம். ஏரிக்கரை, நல்ல நிழல், வரிசையாக வண்டிகள். வந்ததும் ஜெனரேட்டரைப் போட்டேன். பக்கத்து வண்டியில் ஒரு கைக்குழந்தைக்காரி. உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு முறைத்துக்கொண்டே போனாள், சாயந்திரம் வண்டியையே காணோம். எதிர்ப்பக்கம் தொலைநோக்கி வைத்துப் பறவை பார்க்கிற ஒரு பெரியவர் வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். அவர் மறுபடியும் கூப்பினார், கண்ணில் தண்ணீர். என்ன மரியாதை பாருங்கள்! அப்புறம் முகாம் மேலாளர் வந்தார். அந்த ஆளுக்கு வாயை முழுக்க மூடிய மீசை. உதடு எங்கே இருக்கிறதென்று அவர் மனைவிக்கே தெரிந்திருக்காது. என்னமோ நீளமாகப் பேசினார். ஜெனரேட்டரைக் காட்டினார். பாராட்டுகிறார் போல என்று, "ஆமாங்க, காலையிலயும் போடுவேன், சாயந்திரமும் போடுவேன்" என்றேன். அரை மணி நேரத்தில் என்னைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நியாயமா இது? நான் யாரு குடியைக் கெடுத்தேன்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் மாமியாரின் நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை. முதலில் வண்டிப் படிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். அப்புறம் வேப்பமரத்தடி, அப்புறம் குழாயடி, இப்போது ஏரி ஓரம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் தண்ணீருக்குள்தான் உட்கார வேண்டும். இன்று காலையில் என் முகத்துக்கு நேராக வந்து நின்று, "உங்க வண்டியும் வேணாம், உங்க பயணமும் வேணாம். பொண்ணு வந்தா அவகூடவே நான் கெளம்புறேன்" என்றார். பெட்டியும் கட்டியாகிவிட்டது, படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. இத்தனைக்கும் காரணம் நீங்கள். சத்தம் சத்தம் என்று அந்தப் பொம்பளை மனசில் விதை போட்டதே நீங்கள்தான். வேறு யாராவது செய்திருந்தால் அடேய் என்று ஆரம்பித்திருப்பேன். மாப்பிள்ளையாகப் போய்விட்டீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களே இவர்களே என்று எழுத வேண்டியிருக்கிறது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எனக்கு ராத்திரி ஷிப்டு, அவளுக்குப் பகல் வேலை. வாசலில் சாவியை மாற்றிக்கொள்ளும்போதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். அப்படியே முப்பது வருஷம் ஓடிப்போச்சு. இனிமேயாவது சேர்ந்து உட்காரலாம்னுதான் இந்த வண்டியை வாங்கினேன். அவள் போய்விட்டால் இதை ஓட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. பயமாக இருப்பதால் கோபமும் கூடுதலாக வருகிறது.

ஆகவே உங்கள் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாமா வாங்கியதுதான் சரி என்று உங்கள் மாமியாருக்கு உடனே தெரிவிக்கவும். கோபம் கோபமாகவே இருக்கட்டும், ஆசீர்வாதத்தில் நான் குறை வைக்கவில்லை. நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் பெரிய மனசு பண்ணி மறந்துவிடுங்கள். மகள் வந்தாள். அந்த டாக்டர் கொடுத்ததாம், அவரைக்கொட்டை அளவில் ஒரு மெஷின். சண்டை போட்டு என் காதில் மாட்டிவிட்டாள். முதலில் என் சட்டை உரசுவது கேட்டது. அட, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததே என்று வழக்கம்போல ஜெனரேட்டரைப் போட்டேன். ஐயோ மாப்பிள்ளை! எங்கள் தறிக்கூடம் முழுவதையும் ஒரு தகர டப்பாவில் அடைத்து உருட்டிவிட்டது மாதிரி இருந்தது. எகிறிக் குதித்து அணைத்தேன். அந்தப் பறவைப் பெரியவர் எதற்குக் கைகூப்பினார் என்று அப்போதுதான் உறைத்தது. அணைத்ததும் ஒரே அமைதி. வண்டிக்கு அந்தப்பக்கம் உங்கள் மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணி மடித்தபடி மகளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "கோவத்துலதான் பொட்டியக் கட்டுனேன். போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் ஏண்டி போறேன்?" ஒவ்வொரு எழுத்தும் கேட்டது மாப்பிள்ளை. "போகாதே!" என்றேன். ஆலைக் குரலிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவாப் பேசுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

பெட்டியை வண்டிக்குள் வைத்துவிட்டேன். இந்தக் காது மெஷினுக்கும் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டுமாம். ஜெனரேட்டரைப் போட்டு இதற்குச் சார்ஜ் ஏற்றுவது, கண்ணைக் குத்திக்கொண்டு கண்ணாடி வாங்கப் போகிற கதை. ஆகவே பிணம் மாதிரி கிடக்கும் என்று நான் எழுதிய அந்தப் பேட்டரிப் பெட்டியை, தகட்டோடு, கிடைக்கிற முதல் வண்டியில் அனுப்பிவைக்கவும். உங்கள் மாமியார் நாற்காலியைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள், நான் போக வேண்டும்.