செடியைச் சுகமாக வைத்த குற்றம்

குத்தம்பாக்கத்துப் பக்கம் ஓர் அரசு மூலிகைப் பண்ணை. அங்கே நாகம்மா பதினொரு வருஷமாகத் தற்காலிகத் தோட்டக்காரர். அடுத்த மாதம் பணி நிரந்தரம் என்று மாதாமாதம் சொல்லி வந்தார்கள். போன ஜூனில் ஆணைக்குப் பதிலாக மெமோ வந்தது. நிலவேம்புச் செடிகளை நன்றாக வளர்த்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

சிரிக்காதீர்கள், இதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஆய்வகத்துக்குப் போன இலையில் கசப்புச் சத்து குறைவு. அந்தக் கசப்புதானே மருந்து. ஆய்வகத்து ஸ்வீட்லின் மேடம் நேரில் வந்து பொறுமையாக விளக்கினார்: இலையைப் புழு கடித்தால் செடிக்குள் ஒரு ஹார்மோன் சுரக்கும், அதனால் கசப்பு கூடும், புழு இல்லாவிட்டால் அந்த ஹார்மோனையே லேசாகத் தெளிக்கலாம், சின்ன பாட்டில் ஒன்று போதும்.

உதவி இயக்குநர் செல்வகுமார் பாட்டில் வாங்கக் கோப்பு போட்டார். அது மூன்று மேசை தாண்டி நான்காவதில் படுத்துக்கொண்டது. பாட்டில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? "செடிகளுக்கு நிர்வாக ரீதியாக மன உளைச்சல் அளிக்கப்படும்" என்று சுற்றறிக்கை விட்டார். தண்ணீர் வேண்டும் பாத்திகள் நாகம்மா மூலமாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புழு விடவும் தனி ஆணை போட்டார். அதன் நகல் பூச்சிமருந்துப் பிரிவுக்குப் போகவில்லை. காலையில் விட்ட புழுவெல்லாம் அட்டவணைப்படி மாலையில் காலி.

நாகம்மா நேராகச் செல்வகுமார் அறைக்குள் போய்க் கேட்டுவிட்டார்.

"செடி நல்லா கீதுன்னா தப்பா சார்?"

"அதுதாம்மா பிரச்சினை. சௌகரியமா இருந்தா எது சத்து குடுக்கும்?"

"அப்போ என் பர்மனென்ட் ஆர்டரு?"

"அதே காரணம்தான். உங்க நல்லதுக்குத்தான் பதினொரு வருஷமா நிறுத்தி வச்சிருக்கோம்."

ஆகஸ்டில் செடிகள் மொத்தமும் காய்ந்தன. உளைச்சல் இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டதாக அறிக்கை போனது. செல்வகுமாருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. செடியே இல்லாத பண்ணைக்குத் தோட்டக்காரர் எதற்கு? நாகம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

நசரத்பேட்டையில் எங்கள் அடுக்ககத்துக்கு வேலை கேட்டு வந்தபோது அவர் சொன்ன கதை இது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் எடுத்துவிட, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஐடி கம்பெனியில் இருக்கும் ரோஹித், அந்த ஆபீஸையே இழுத்து மூட வேண்டும் என்று கொதித்தார். மூன்றாம் மாடி சுவேதா கண் கலங்கிவிட்டார். அன்றைக்கே நாகம்மாவை வேலைக்குச் சேர்த்தோம். ரெண்டே மாதத்தில் எங்கள் தோட்டம் பச்சைப்பசேல் என்று ஆனது.

போன வாரம் அவர் வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டு மனு கொடுத்தார். கூட்டம் போட்டோம். லீவு பழகிவிட்டால் இந்தச் சுறுசுறுப்பு போய்விடுமே என்று சுவேதா கவலைப்பட்டார். ரோஹித்தும் தலையாட்டினார். மறுத்துப் பேச ஆளில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி, செயலாளர் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாகம்மா அதை மெதுவாகப் படித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இங்கியும் அந்த பாட்டிலு இன்னும் வர்லியா சார்?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனார்.