பசிபிக்கைத் தின்ற பாவி எழுதுவது

கிளியனூர்,
14.6.2007

விழுப்புரம் சம்பந்தி சக்கரபாணி அவர்களுக்கும், சம்பந்தி அம்மாள் ராஜாமணி அவர்களுக்கும் பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. நான் நலம். என் வீட்டுக்காரி சௌந்தரமும் நலமாகத்தான் இருக்க வேண்டும். அவள் என்னோடு பேசி நாற்பது நாள் ஆகிறபடியால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. மருமகள் கலைப்பிரியாவும் பேரனும் சௌக்கியமா? போனில் கேட்கலாம் என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்தாலும் கோபம் ஆறிய பிறகு எடுத்துப் படிக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

சம்பந்தி, குளத்தைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் திண்டிவனத்தில் பூகோள வாத்தியாராக இருந்து, சமுத்திரங்களையெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தே காலத்தை ஓட்டியவன் நான். ரிடையரான மறுமாதம் மரக்காணம் பக்கம் போனபோது, பச்சைமுத்து என்கிற மீனவர் வலையில் முழ நீளத்தில் இரண்டு சுறாக்குட்டிகள் உயிரோடு துள்ளுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், புத்தி கெட்டுப்போச்சு. வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைப் பயிர் போட்டிருந்த நிலத்தில் முப்பதுக்கு இருபது அடி குழி வெட்டி, சிமெண்ட் பூசி, கடல் தண்ணீரை டேங்கர் டேங்கராகக் கொண்டுவந்து ஊற்றினேன். வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் கிணற்றுத் தண்ணீர் விட வேண்டும், மழை பெய்து உப்பு குறைந்தால் உப்பளத்திலிருந்து மூட்டை வர வேண்டும், கரண்ட் போனால் காற்று ஊதுகிற மோட்டார் நின்று மீன் மூச்சுத் திணறும். அப்போதெல்லாம் நானும் சௌந்தரமும் ஆளுக்கொரு பக்கம் நின்று தண்ணீரைக் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றுவோம். "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் கடலுக்குக் கூட்டிக்கினு போனதில்ல. இப்ப கடலையே வூட்டுக்குக் கொண்டாந்து என்னக் கலக்க வுட்டுட்டீங்களே" என்று அவள் அழுதாள். சுறாக்களுக்குப் பசிபிக், அட்லாண்டிக் என்றும், பிறகு வந்த திருக்கை மீனுக்கு இந்துமகா சமுத்திரத்தை நினைத்து இந்து என்றும் பெயர் வைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இதைப் பெண் எடுத்த இடத்தில் எப்படிச் சொல்வது? கலைப்பிரியா பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தபோது சம்பந்தி அம்மாள் போனில், "இன்னா அண்ணே, வூட்டுக்கு உப்பு லாரி வருதாமே?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் நம்ம கலைக்குத்தாம்மா. புள்ள பெத்தவளுக்குப் பால் சொரக்க சுறாப்புட்டு குடுக்கணும் இல்ல? மார்க்கெட்ல ஐஸ்ல வெச்ச மீன்தான் கெடைக்குது. அதான் நானே வளக்கறேன்" என்று அளந்துவிட்டேன். அந்தம்மாள் அழுதேவிட்டார்கள். "எந்த மாமனாரு மருமவளுக்கு இப்டி செய்வாரு" என்று உங்கள் தெரு முழுக்கச் சொன்னார்களாம். அதைக் கேட்டு நான் ஒரு சுற்றுப் பருத்தேன். செய்த தப்பிலேயே பெரிய தப்பு அதுதான்.

மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் நீங்கள் கொண்டுவந்து விட்ட அன்று, நான் இலைக்கட்டும் ஜாங்கிரியும் வாங்கத் திண்டிவனம் போயிருந்தேன். மீன்தீனி கொண்டுவந்த பச்சைமுத்துவைப் பார்த்து சம்பந்தி அம்மாள் ஒரு சுறாவைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "சார் கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு..." என்று அவர் இழுத்தாராம். "மருமவளுக்குன்னே வளக்கறவரு கிட்ட கேக்கறதுக்கு இன்னா இருக்கு? ஜல்தியா புடிங்க!" சௌந்தரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. ஒன்று குறைந்தால் நாலு குடம் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ.

பந்தியில் புட்டு வந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன் சம்பந்தி. "இந்த மாதிரி புட்டு என் ஆயுசுல சாப்ட்டதில்லம்மா" என்று வேறு சொன்னேன். கை கழுவிவிட்டு, தீனிக்கு மத்தி மீனை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று கூப்பிட்டால் அட்லாண்டிக் மட்டும் வருகிறான். பசிபிக் எங்கே என்று பச்சைமுத்துவைக் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உறவெல்லாம் உட்கார்ந்திருக்க, பச்சைக் குழந்தை மருமகள் மடியில் இருக்க, "ஐயோ, என் புள்ளையத் தின்னுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். பேரன் வீட்டுக்குள் வந்த முதல் நாளில் தாத்தா வாயிலிருந்து வந்த வார்த்தை அது. நான் சொன்ன பொய்யை நம்பியதைத் தவிர சம்பந்தி அம்மாள் செய்த குற்றம் என்ன? நீங்கள் அன்றைக்கே மருமகளையும் பிள்ளையையும் திரும்ப அழைத்துப் போனதில் ஒரு தப்பும் இல்லை. மகன் மணிமாறன் புதுச்சேரியில் வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேரன் குப்புற விழுந்த சேதியை அவன் தன் அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஆகவே என் முடிவைக் கேளுங்கள். அட்லாண்டிக்கைப் போன வாரமே பச்சைமுத்து கடலில் விட்டுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்துவும் போகிறாள். திங்கட்கிழமை டிராக்டரில் மண் வந்து குளம் மூடப்படும். அதற்குப்பிறகு சோற்று உப்பைத் தவிர வேறு உப்பு என் வீட்டில் இருக்காது. நல்ல நாள் பார்த்து மருமகளையும் பேரனையும் அனுப்பிவையுங்கள். சம்பந்தி அம்மாளிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவும் தயார்.

பேரனுக்குத் தாத்தாவின் ஆசி. அவன் நூறு வயது வாழ வேண்டும், என் புத்தி மட்டும் அவனுக்கு வரக்கூடாது. மற்ற எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
பாண்டுரங்கன்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் பின்பக்கமிருந்து சௌந்தரம் என்னைக் கூப்பிட்டாள். நாற்பது நாளில் முதல் வார்த்தை! ஓடினேன். இந்து குட்டி போட்டிருக்கிறாள். நாலு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வால் உட்பட எல்லாம் முழுசாக. ஞாயிற்றுக்கிழமை பச்சைமுத்து வருவாரே என்று மெல்ல இழுத்தேன். சௌந்தரம் இடுப்பில் குடத்தோடு நின்று, "பச்ச ஒடம்புக்காரிய எங்க தொரத்தப் பாக்கறீங்க? மூணு மாசம் ஆவாம தாயும் புள்ளைங்களும் இந்த வூட்ட வுட்டுப் போவக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். எனவே குளத்தை மூடுவதாக நான் மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காமல் விடவும். பிள்ளை பெற்ற திருக்கைக்கு என்ன கொடுக்கலாம் என்று சம்பந்தி அம்மாளிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள். சுறாப்புட்டைத் தவிர வேறு ஏதாவது சொல்லச் சொல்லுங்கள்.