கோப்பாய் மழையில் ஏதோ பிழை

தான் சந்தோசமாக இருக்கிறாரா இல்லையா என்பதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சோளகம் அண்ணை. "எப்பிடி அண்ணை இருக்கிறியள்?" என்று காலையில் கேட்டால், மற்றவர்களைப் போல "இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார். "பொறும் தம்பி, பாத்துச் சொல்லுறன்" என்று சட்டைக் கையைச் சுருட்டுவார். கனடாவிலிருந்து மகள் அனுப்பிய கடிகாரம் அது. இராத்திரி நித்திரை எப்படி, நாடித்துடிப்பு எப்படி என்று எல்லாம் பார்த்து முடித்து, "பரவாயில்லையாம்" என்பார். யாரோ மூன்றாம் ஆளைப் பற்றி விசாரித்து வந்து சொல்வது போல இருக்கும்.

நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நாங்கள் ஆறு பேர் கைபேசிச் செயலி ஒன்று செய்துகொண்டிருந்தோம். காலையும் மாலையும் அது "இப்போது மனம் எப்படி?" என்று கேட்கும். நாம் ஒரு முகத்தைத் தொடவேண்டும். நித்திரை, துடிப்பு, நடை எல்லாவற்றையும் கடிகாரத்திலிருந்தும், வெயில் மழை காற்றை வானிலைத் தகவலிலிருந்தும் அதுவே எடுத்துக்கொள்ளும். எது வந்தால் நம் மனம் எப்படி ஆகிறது என்று பிறகு கண்டுபிடித்துச் சொல்லும். கணினி வேலை முழுக்கத் தர்சினி. தமிழ் எழுதியது நான். சந்தோசத்துக்குப் புழுகம், மனம் நிலைகொள்ளாமல் தவித்தால் அந்தரம் என்று ஊர்ப்பெயர் வைத்ததில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. அண்ணை எங்கள் கணக்காளர். "முதலிலை ஆர் பாவிச்சுப் பாக்கிறது?" என்று தர்சினி கேட்டபோது கையைத் தூக்கியவர் அவர் மட்டும்தான்.

முதல் நாளே சண்டை. தென்மேற்குக் காற்று வீசுவதாகச் செயலி காட்டியது.

"ஆர் உதை எழுதினது?"

"நான்தான் அண்ணை."

"தென்மேற்கு எண்டொரு காத்து எங்கடை ஊரிலை வீசிறேல்லைத் தம்பி. வீசிறது சோளகம். மாத்தும்."

மாற்றினேன். அந்தப் பெயர் அன்றைக்கே அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் தெரிந்த ஒருவரின் செத்தவீட்டுக்கு எல்லாரும் போயிருந்தோம். பாடைக்குப் பின்னால் சந்திவரை நடந்துபோய்த் தலைகுனிந்து நிற்கிறோம். அண்ணையின் சட்டைப்பையிலிருந்து ஒரு குரல், "அபாரம்! இன்று நன்றாக நடந்திருக்கிறீர்கள். இப்படியே தொடருங்கள்!" என்றது. செயலிதான். வசனம் என்னுடையது, குரல் தர்சினியுடையது. எங்கள் இருவருக்கும் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. அண்ணை கொஞ்சமும் கலங்காமல் பையைத் தட்டி, "சரி சரி, பிறகு" என்று அதைச் சமாதானப்படுத்தினார்.

மாரி தொடங்கிச் சில கிழமைகளில் செயலி தன் தீர்ப்பைச் சொன்னது. மாலையில் மழை பெய்யும் நாட்களில்தான் அண்ணைக்குப் புழுகமாம். அண்ணை கொதித்துப்போனார். கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிறவர், முழங்கால் உளைவு வேறு. மழையை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

"பிள்ளை, உன்ரை ஆப்புக்கு விசர்!"

"முகத்தைத் தொட்டது நீங்கள்தானே அண்ணை?" என்றாள் தர்சினி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க மழை. புழுகம் வரட்டும் என்று வீட்டு யன்னலோரம் கதிரை போட்டு இருந்திருக்கிறார். திங்கட்கிழமை முகம் செத்து வந்தார்.

"விடிய இருந்து மழையைப் பாத்தன். அந்தரம்தான் வந்தது. நித்திரையும் இல்லை." விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். "இஞ்சை ரவுண் மழையிலை புழுகம், கோப்பாய் மழையிலை அந்தரம். அப்ப கோப்பாய் மழையிலைதான் ஏதோ பிழை கிடக்கு."

மறுநாள் தர்சினியின் மேசையில் இரண்டு போத்தல் மழைத்தண்ணி வைத்தார். ஒன்று கோப்பாய், மற்றது எங்கள் மாடிக் கூரைத் தண்ணி. "ஆராவது படிச்ச ஆக்களிட்டைக் குடுத்துப் பாருங்கோ" என்றார்.

நான் வயிறு நோகச் சிரித்தேன். தர்சினி சிரிக்கவில்லை. அவர் போன பிறகு, "மழை பெஞ்சால் இஞ்சை என்ன நடக்குது, யோசிச்சுப் பாருங்கோ" என்றாள்.

மழை பெய்தால் ஐந்து மணிக்கு ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. தேத்தண்ணி போடுவோம். கீழ்க்கடையில் ரோல்ஸ் வாங்குவோம். மழை விடும்வரை கதைப்போம், அந்தக் கதையில் பாதி அண்ணையுடையது. மற்ற நாட்களில் அவர் சைக்கிள் உழக்கிப் போவது ஒரு பூட்டிய வீட்டுக்கு. மனைவி தவறிச் சில வருடமாகியிருந்தது. செயலிக்கு மழை தெரியும், வெயில் தெரியும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. அண்ணைக்கும் தெரியவில்லை.

சொல்லலாம்தான். ஆனால் 'நீங்கள் தனிச்சுப் போனியள்' என்று முகத்துக்கு நேரே சொன்னால், 'எனக்கென்ன குறை?' என்று அவர் நாளைக்கு நாலரைக்கே புறப்பட்டுவிடுவார். எங்கள் ஊர் ஆண்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்.

தை பிறந்தது, மழை போய்விட்டது. அண்ணைக்கு ஒவ்வொரு மாலையும் அந்தரம். ஒருநாள் வேலையை விடப்போவதாகச் சொன்னார்.

"நுவரெலியாவிலை ஒரு அறை பாத்திருக்கிறன். அங்கை எந்த நாளும் மழையாம்."

"அங்கை ஆர் அண்ணை இருக்கினம்?" என்றாள் தர்சினி.

"ஒருத்தரும் இல்லை. மழை இருக்குத்தானே."

அன்று ஐந்து மணிக்கு அண்ணை சைக்கிள் திறப்பை எடுத்தபோது தர்சினி யன்னலடியில் போய் நின்றாள்.

"அண்ணை, வானம் இருட்டுது. நனைஞ்சு போவியள். இருந்து போங்கோ."

வெளியே மிளகாய் காயப்போடும் வெயில். அண்ணை யன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

"ஓம்," என்று மெல்லக் கதிரையில் இருந்தார். "ஒரு பாட்டம் பெய்யும் போலதான் கிடக்கு."

அதற்குப் பிறகு வறண்ட பங்குனியிலும் எங்கள் மாடியில் மட்டும் அடிக்கடி மாலை மழை. நுவரெலியாக் கதை மறுபடி எழவில்லை. அண்ணையின் புழுகத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று செயலி கைவிரித்துவிட்டது.

சித்திரையில் எனக்குப் பேசிய கலியாணம் குழம்பியது. யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து அடிக்கும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் அண்ணை நின்றார்.

"எங்கை தம்பி?"

"வீட்டை அண்ணை."

கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"வானம் இருட்டிக்கொண்டு வருது. இருந்து போம்."

வெளியே ஒரு மேகம்கூட இல்லை. "ஓம் அண்ணை, பலத்த மழைதான்" என்று பையை இறக்கி வைத்தேன்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். இங்கே மழைக்குக் குறைவில்லை. இருந்து போகச் சொல்ல அண்ணைதான் பக்கத்தில் இல்லை.