கன்னத்தில் போட்ட பில்லர்

மருதமுனை,
சபர் பிறை 21

மருமகன் அஸ்ஹர் அவர்களுக்கு மாமா அச்சிமுகம்மது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், மகள் றாஹிலாவின் இடது கன்னத்தைத் தவிர. கத்தாரில் உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

ஒன்பது நாளாக மகள் போன் கமராவை மூடிக்கொண்டு கதைக்கிறாள், எதையோ மறைக்கிறாள், அதனால் அடுத்த மாத லீவுக்கு ஊர் வரமாட்டேன் என்றீர்களாம். காரணத்தை உங்களிடம் வாய் திறந்து சொல்வதில்லையென்று அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். எனக்கு எழுதவும் தெரியாது. ஆகவே நான் சுவரைப் பார்த்துக் கதைக்கிறேன், அவளே எழுதுகிறாள். சத்தியம் முறியாது.

மகளுக்கு வந்த காய்ச்சல் விட்ட நாலாம் நாள் விடிய எழும்பினால் கன்னம் கோழிமுட்டை அளவு, சிவந்து, தொட்டால் கல்லு. இறால் என்றாள் உங்கள் மாமி. குளவி என்றான் மேல்வீடு கட்டுகிற மேசன். கண்ணூறென்று தண்ணியும் ஓதிக் குடித்தாயிற்று. கடைசியில் கல்முனையில் ஒரு தோல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். பார்த்த உடனே "பில்லர் போட்டதா?" என்றார். மகள் தலையைக் குனிந்தாள். எனக்குத் தெரிந்த விசயம், விடுவேனா?

"ஓம் டொக்டர், ஆறு பில்லர்."

"ஆறா! முகத்திலயா?"

"முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் நாலு. நல்ல கம்பி, நல்ல சீமெந்து. மேல்வீடு இவக்குத்தானே. தூசிதான் பிரச்சினையெண்டா வேலையை நிப்பாட்டுறன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். கன்னத்துக் குழியை நிரப்புகிற ஊசிக்கும் அதே பேராம். எப்போது போட்டதென்று கேட்க, மகள் மறந்துவிட்டேன் என்றாள். எனக்கு மறக்காது. ஷவ்வால் பிறை பதினேழு, செவ்வாய்க்கிழமை. பல்லுப் புடுங்கப் போனதென்று கொழும்பு பஸ்ஸால் இறங்கி, அண்டைக்குப் பின்னேரமே முறுக்குக் கடித்தவள்!

"வாப்பா, இதையும் எழுதணுமா?"

"எழுது மகள்."

காய்ச்சல் வந்தால் உடம்பு கிருமியைத் தேடிக் கிளம்புமாம், வழியில் கன்னத்தில் கிடக்கிற மருந்தையும் பிறத்தியானென்று பிடித்து மல்லுக்கட்டுமாம். "நாலு மாசம் ஒரே வீட்டுல இரிந்தவனை இப்பதான் பிறத்தியானெண்டு தெரிஞ்சதா? அதுவரைக்கும் உடம்பு என்ன செஞ்சது?" என்று கேட்டேன். "அதை நாங்களும் இன்னும் படிச்சிட்டுத்தான் இரிக்கம், காக்கா" என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தபடியால் மிச்சக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். போட்ட மருந்தின் பேரை விசாரித்து, அதைக் கரைக்கிற ஊசியும் குளிசையும் தந்தார். வீக்கம் பாதி வத்திட்டு.

எல்லாம் போனில் வருகிற விளம்பரத்தின் வேலை. இதில் உங்களில் ஒரு பிழையும் இல்லை. கோபத்தை விட்டு வந்து சேருங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு: வாப்பா அஸருக்குப் பள்ளிக்குப் போய்விட்டார். இது நானாக எழுதுறது. விளம்பரம் ஒண்டும் இல்லை. "என்ன றாஹிலா, முகம் ஒட்டிப்போச்சே, கிழவி மாதிரி" எண்டு நீங்க சிரிச்சீங்களே, அதுக்கு அடுத்த கிழமைதான் நான் கொழும்புக்குப் போனது. கடிதம் கிடைச்ச உடனே போன் எடுங்க. வீங்கின கன்னத்தோட கமரா போடுறன். நீங்களும் கத்தார் வெயிலில குளிரெண்டு போடுற அந்தத் தொப்பியைக் கழட்டிட்டு வாங்க. வழுக்கை எதுவரைக்கும் வந்திரிக்கெண்டு நானும் பார்க்கணும்.